இறால் தசையில் ஒட்டிய மருந்து

உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு நைட்ரோஃபுரான் மருந்துகளைக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 1990களின் நடுப்பகுதிக்குள் முற்றாகத் தடை செய்துவிட்டது. நைட்ரோஃபுரசோன், ஃபுரால்டடோன், நைட்ரோஃபுரண்டாயின் ஆகிய மூன்றுக்கும் 1993இல் தடை வந்தது. மிச்சமிருந்த ஃபுராசொலிடோனும் 1995இல் பட்டியலில் சேர்ந்தது. அதற்குப் பிறகு ஆய்வகங்கள் இறைச்சியிலும் முட்டையிலும் இந்த மருந்துகளைத் தேடிப் பார்த்தபோது பெரும்பாலும் ஒன்றும் சிக்கவில்லை. தடை நன்றாக வேலை செய்கிறது என்றே எல்லோருக்கும் தோன்றியது. 2002இல் நிலைமை தலைகீழானது. தாய்லாந்து இறாலிலும் கோழியிலும், பிரேசில் கோழியிலும் நைட்ரோஃபுரானின் தடயம் அகப்பட்டது. 2003 தொடக்கத்தில் போர்ச்சுகல் தன் சொந்தக் கோழிப்பண்ணைகளிலேயே அதைக் கண்டு அதிர்ந்தது. இந்திய இறாலும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை.

அந்த ஓராண்டில் பண்ணைக்காரர்கள் எல்லோரும் திடீரென்று மருந்து வாங்கத் தொடங்கிவிடவில்லை. ஆய்வகம் தேடும் பொருள் மாறியிருந்தது, அவ்வளவுதான். அதுவரை மருந்தைத் தேடினார்கள். இப்போது மருந்து உடைந்து தசையில் விட்டுச்சென்ற துண்டைத் தேடினார்கள்.

உணவில் மருந்து எச்சம் என்று செய்தி வரும்போதெல்லாம் எவ்வளவு இருந்தது என்றுதான் முதலில் கேட்கிறோம். அதற்கு முன்னால் எதைத் தேடினார்கள், உடலின் எந்தப் பகுதியில் தேடினார்கள் என்று கேட்க வேண்டும். நைட்ரோஃபுரானின் வரலாறு இதற்கு மிகத் தெளிவான சான்று. 'கண்டறியப்படவில்லை' என்று தவறாக வந்த அறிக்கைகளும் அதில் உண்டு, 'கண்டறியப்பட்டது' என்று தவறாக வந்தவையும் உண்டு.

நைட்ரோஃபுரான்கள் பாக்டீரியாக்களைக் கொல்லும் செயற்கை மருந்துகள். விலை மலிவு. கோழி, பன்றி, மீன், இறால் என்று எல்லாவற்றுக்கும் தீவனத்தில் கலந்து கொடுத்துவந்தார்கள். விலங்கின் உடலுக்குள் போனதும் இவை மிக வேகமாகச் சிதைகின்றன. சில மணி நேரத்தில் இரத்தத்திலும் தசையிலும் மூல மருந்து தேய்ந்து காணாமல் போகிறது. அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு மருந்தை நிறுத்திய குட்டையிலிருந்து இறால் எடுத்துப் பார்த்தால் ஃபுராசொலிடோன் ஒரு துளியும் இருக்காது. பழைய முறைகள் தோற்றது இங்கேதான்.

சிதையும்போது மருந்தின் ஒரு பகுதி உடலின் புரதங்களோடு வேதிப்பிணைப்பில் இணைந்துகொள்கிறது. மஞ்சள் கரைந்து போன பிறகும் துணியில் கறை நிற்பதுபோல, மருந்து போன பிறகும் அதன் பக்கச்சங்கிலி தசையில் வாரக்கணக்கில் நிற்கிறது. ஃபுராசொலிடோனுக்கு இந்தத் துண்டின் பெயர் ஏஓஇசட். ஃபுரால்டடோனுக்கு ஏஎம்ஓஇசட், நைட்ரோஃபுரண்டாயினுக்கு ஏஹெச்டி, நைட்ரோஃபுரசோனுக்குச் செமிகார்பசைடு. உறையவைத்துச் சேமித்தாலும், கொதிக்கவைத்தாலும், வறுத்தாலும் இவற்றில் பெரும்பகுதி அழிவதில்லை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில் பன்றியின் கல்லீரல் செல்களை வைத்து ஆராய்ந்து, புரதத்தோடு பிணைந்த இந்தத் துண்டை மிதமான அமிலத்தால் விடுவிக்க முடியும் என்று காட்டினார்கள். அந்தக் கண்டுபிடிப்பு அன்றாடப் பரிசோதனையாக மாறுவதற்குப் பத்தாண்டுகள் பிடித்தன. பெல்ஃபாஸ்ட் நகரை மையமாகக் கொண்டு, ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த 'ஃபுட்பிராண்ட்' என்ற ஆய்வுத் திட்டம் அந்தப் பாலத்தைக் கட்டியது.

பரிசோதனை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தலையும் ஓடும் குடலும் நீக்கி அரைத்த இறால் தசையில் ஒரு கிராம் எடுத்துக் குழாயில் போடுகிறார்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 2-நைட்ரோபென்சால்டிகைடு என்ற வேதிப்பொருளும் அதில் சேர்கின்றன. குழாய் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரவு முழுக்க, ஏறத்தாழ 16 மணி நேரம் இருக்கிறது. அமிலம் ஏஓஇசட்டைப் புரதத்திலிருந்து கழற்றுகிறது. கழன்றதும் நைட்ரோபென்சால்டிகைடு அதைப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிடிப்பு இல்லாவிட்டால் கருவியால் ஏஓஇசட்டை நம்பகமாக இனங்காண முடியாது. அதன் மூலக்கூறு எடை வெறும் 102 என்பதால், தசைச் சாற்றில் மிதக்கும் ஆயிரக்கணக்கான சிறு மூலக்கூறுகளுக்கு நடுவே அது தொலைந்துபோகும். 151 எடையுள்ள நைட்ரோபென்சால்டிகைடு சேரும்போது 18 எடையுள்ள ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி, 235 எடையுள்ள புதிய மூலக்கூறு உருவாகிறது. காலையில் அமிலத்தை நடுநிலையாக்கி, எத்தில் அசிட்டேட்டால் பிரித்தெடுத்து, நைட்ரஜன் வாயு ஊதி உலர்த்தி, திரவ நிறப்பிரிகைக் கருவிக்கு அனுப்புகிறார்கள். அதன் முடிவில் நிறை நிறமாலைமானி இருக்கிறது.

நிறமாலைமானி முதலில் 236 என்ற நிறை எண் கொண்ட அயனிகளை மட்டும் உள்ளே விடுகிறது. மூலக்கூறோடு ஒரு புரோட்டான் சேர்ந்ததால் 235 அங்கே 236 ஆகிறது. உள்ளே வந்த அயனிகளை வாயுவில் மோதவிட்டு உடைத்து, 134, 104 ஆகிய இரண்டு துண்டுகள் வருகின்றனவா என்று பார்க்கிறது. இரண்டும் வர வேண்டும். இரண்டுக்கும் உள்ள விகிதம் தூய ஏஓஇசட்டில் காணும் விகிதத்தோடு பொருந்த வேண்டும். நிறப்பிரிகைத் தூணிலிருந்து வெளிவரும் நேரமும் அதே நேரமாக இருக்க வேண்டும். இது போதாதென்று, நான்கு ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பதிலாக டியூட்டீரியம் வைத்துச் செய்த ஏஓஇசட்டைத் தெரிந்த அளவில் ஒவ்வொரு குழாயிலும் முதலிலேயே கலந்துவிடுகிறார்கள். வேதி நடத்தையில் அது அசலின் இரட்டை, நிறையில் மட்டும் 4 கூடுதல். பிரித்தெடுக்கும்போது பாதி வீணாகிப் போனாலும் இரண்டும் ஒரே அளவில்தான் வீணாகும். எனவே கணக்குத் தப்பாது. இத்தனை நிபந்தனைகளையும் தாண்டி வந்த ஏஓஇசட் முடிவைச் சந்தேகிக்க இடம் மிகக் குறைவு.

பால் பண்ணைகளில் நெடுங்காலமாக நடக்கும் சோதனையோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். தயிரும் பாலாடைக்கட்டியும் உறையாமல் போனதுதான் அங்கே முதல் உந்துதல். பெனிசிலின் போட்ட மாட்டின் பால் கலந்தால் உறைகிருமி செத்துவிடும். அதனால் வெப்பத்தை விரும்பும் ஒரு பாக்டீரியாவின் வித்துக்களை ஊதா நிறமுள்ள கூழில் வைத்து, அதன்மேல் பாலை ஊற்றி 64 டிகிரியில் சூடாக்குகிறார்கள். பாக்டீரியா வளர்ந்து அமிலம் சுரந்தால் கூழ் மஞ்சளாகும். மருந்து இருந்தால் ஊதாவாகவே நிற்கும். மூன்று மணி நேரத்துக்குள் பதில் கிடைத்துவிடும், செலவும் குறைவு. ஆனால் உயிரோடிருந்து வேலை செய்யும் மருந்தைத்தான் அந்தப் பாக்டீரியா உணரும். புரதத்தில் ஒட்டிச் செயலற்றுக் கிடக்கும் ஏஓஇசட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நைட்ரோஃபுரானுக்கு இந்தச் சோதனை வைத்தால் எல்லா இறாலும் சுத்தம் என்றுதான் அறிக்கை வரும்.

செயலற்றுக் கிடப்பதை ஏன் துரத்த வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. நைட்ரோஃபுரண்டாயினைச் சிறுநீர்த் தொற்றுக்கு இன்றும் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்களே என்றும் கேட்பார்கள். நோயாளிக்கு நோய் இருக்கிறது, மருந்தின் அளவு தெரியும், எத்தனை நாள் என்பதும் தெரியும். இறால் குழம்பு சாப்பிடுபவருக்கு இவை எதுவும் இல்லை, அவர் சம்மதத்தை யாரும் கேட்கவும் இல்லை. உலக உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து நடத்தும் வல்லுநர் குழு 1992இல் ஃபுராசொலிடோனையும் நைட்ரோஃபுரசோனையும் மதிப்பிட்டது. மரபணுவைச் சேதப்படுத்தும் தன்மையும் விலங்குகளில் கட்டி உண்டாக்கும் தன்மையும் தெரியவந்ததால், தினமும் இவ்வளவு உண்ணலாம் என்று ஓர் அளவை அந்தக் குழுவால் நிர்ணயிக்க முடியவில்லை. அளவு இல்லையென்றால் அனுமதிக்கப்பட்ட எச்ச வரம்பும் இல்லை.

வரம்பே இல்லாத ஒரு பொருளுக்குச் சுங்கச் சாவடியில் எந்த எண்ணை வைத்து முடிவெடுப்பது? ஐரோப்பிய விதி இங்கே ஒரு வழி கண்டது. நைட்ரோஃபுரான் துண்டுகளுக்கு ஒரு கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், உணவு விலங்குகளுக்குத் தடைசெய்யப்பட்ட இன்னொரு மருந்தான குளோராம்பெனிகாலுக்கு 0.3 மைக்ரோகிராம் என்று 2003 வாக்கில் எண்கள் வந்தன. ஒவ்வொரு ஆய்வகமும் குறைந்தபட்சம் இந்த அளவையாவது காணும் திறன் பெற்றிருக்க வேண்டும் என்பதே அவற்றின் பொருள். தீங்கு இங்கிருந்து தொடங்குகிறது என்று அவை சொல்லவே இல்லை. பிறகு அதே எண்கள் சரக்கைத் தடுத்து நிறுத்தும் எல்லைகளாகவும் ஆயின. கருவிகள் கூர்மையாக, 2022 நவம்பரிலிருந்து அவை பாதியாகக் குறைந்தன: 0.5, 0.15. நைட்ரோஃபுரானின் நச்சுத்தன்மை அதற்கிடையில் இரு மடங்காகிவிடவில்லை. பத்திரிகைகள் 'பாதுகாப்பான அளவைவிட அதிகம்' என்று எழுதும்போது இந்த வேறுபாடு முற்றிலும் அழிந்துவிடுகிறது. வாசகர் வீணாகப் பயப்படுகிறார், அல்லது எல்லாமே மிகை என்று அலட்சியப்படுத்துகிறார்.

இந்த எண்கள் எவ்வளவு சிறியவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்றால் ஒரு டன் இறாலில் அரை மில்லிகிராம். 20 டன் ஏற்றிய ஒரு கன்டெய்னரில் மொத்தமும் சேர்த்து 10 மில்லிகிராம். அந்தப் பத்து மில்லிகிராமுக்காகக் கன்டெய்னர் முழுவதும் திருப்பி அனுப்பப்படலாம்.

இவ்வளவு நுட்பமாகத் தேடத் தொடங்கியதும் வேறொரு சிக்கல் தலைதூக்கியது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பழி சுமந்தவர்களில் குற்றமற்றவர்களும் உண்டு.

நைட்ரோஃபுரசோனின் அடையாளமாகச் செமிகார்பசைடை வைத்தார்கள் என்றேன். 2003இல் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்த குழந்தை உணவில் செமிகார்பசைடு காணப்பட்டது. மருந்துக்குச் சம்பந்தமே இல்லாத காய்கறி, பழக் கூழ்களிலும் அது இருந்தது. தேடிப் போனால் குற்றவாளி புட்டியின் மூடி. மூடிக்குள் இருக்கும் மென்மையான வளையத்தை நுரைத்து உப்பவைக்க அசோடைகார்பனமைடு என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். சூடாக்கும்போது அதிலிருந்து செமிகார்பசைடு பிறந்து உணவுக்குள் இறங்கியிருக்கிறது. ஐரோப்பா 2004இல் அந்தப் பயன்பாட்டை நிறுத்தும் ஆணையை வெளியிட்டது. சில நாடுகளில் ரொட்டி மாவைப் பதப்படுத்த அதே பொருளைச் சேர்ப்பதால், ரொட்டித்தூள் பூசி உறையவைத்த கோழி, இறால் பண்டங்களிலும் செமிகார்பசைடு வரக்கூடும். பூச்சைச் சேர்த்து அரைத்தால் முடிவு மருந்து உண்டு என்று சொல்லும். உள்ளிருக்கும் தசையை மட்டும் எடுத்தால் இல்லை என்று சொல்லும்.

அடுத்து வந்தது இறாலின் ஓடு. மருந்தின் வாசனையே படாத இறாலிலும், குறிப்பாக வங்கதேசத்தின் நன்னீர் இறாலில், ஓட்டில் செமிகார்பசைடு இயற்கையாகவே இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டின. ஓட்டோடு அரைத்த மாதிரியில் அது தெரியும், ஓட்டை ஒட்டிய வெளித்தசையிலும் சிறிது கசிந்திருக்கலாம். தசையின் உட்பகுதியை மட்டும் சுரண்டி எடுத்தால்தான் மருந்து கொடுத்ததா இல்லையா என்று நியாயமாகச் சொல்ல முடியும். ஏஓஇசட்டுக்கு இந்தக் குழப்பம் இல்லை, அது ஃபுராசொலிடோனைத்தான் கைகாட்டும். செமிகார்பசைடு மட்டும் தனியாக அகப்பட்டால் நைட்ரோஃபுரசோன் கொடுத்தார்கள் என்று அதை மட்டும் வைத்துத் தீர்ப்பளிப்பது அநீதி. முழு இறாலை ஓட்டோடு அரைத்து வந்த ஒரு முடிவுக்காக ஒரு சிறு பண்ணையாளரின் ஒரு பருவ உழைப்பு சந்தையை இழக்குமானால் அது அறிவியலின் பெயரால் நடக்கும் பிழை.

குளோராம்பெனிகாலிலும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. கண் சொட்டு மருந்தாக நம் வீடுகளில் பழகிய பெயர் அது. உட்கொள்பவர்களில் மிக அரிதாகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜை இரத்தம் உற்பத்தி செய்வதையே நிறுத்திவிடும். யாருக்கு எந்த அளவில் நேரும் என்று சொல்ல முடியாததால் உணவில் அதற்கு இடமே இல்லை என்பது உலகத்தின் முடிவு. அந்த முடிவை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் குளோராம்பெனிகால் முதலில் கிடைத்ததே ஒரு மண் பாக்டீரியாவிலிருந்துதான், 1947இல். மண்ணில் அந்தப் பாக்டீரியா இன்றும் வாழ்கிறது. மூலிகைகளிலும் புல்லிலும் குளோராம்பெனிகால் இயற்கையாக இருப்பதை 2010இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள், பின்னர் வைக்கோலிலும் கண்டார்கள். மாட்டின் உடலில் அது நுழைய ஊசி ஒன்றுதான் வழி என்று இனிச் சொல்ல முடியாது.

இந்த விதிவிலக்குகளைப் பண்ணைகள் கேடயமாகத் தூக்கிப் பிடிப்பதையும் ஏற்க முடியாது. ஏஓஇசட் அகப்பட்ட இறாலுக்கு மருந்து போயிருக்கிறது. அது எந்த வழியில் போனது என்பதுதான் அடுத்த கேள்வி.

நம் கடற்கரையில் 2009க்குப் பிறகு வனாமி இறால் வந்து வரி இறாலின் இடத்தைப் பிடித்தது. 2023-24இல் இந்தியா ஏற்றுமதி செய்த உறைந்த இறால் சுமார் 7.16 லட்சம் டன். மரக்காணம் வட்டாரக் குஞ்சு பொரிப்பகங்களிலிருந்து குஞ்சு வாங்கி, நாகப்பட்டினம், வேதாரண்யம், சீர்காழிப் பக்கக் குட்டைகளில் விட்டு வளர்ப்பவருக்கு ஒவ்வொரு காலையும் தீவனம் வைத்த செக் ட்ரேயைத் தூக்கிப் பார்ப்பதே பெரிய பதற்றம். தீவனம் மிஞ்சியிருந்தால் இறால் சாப்பிடவில்லை. வெண்மையான கழிவு மிதந்தால் குடல் நோய். அந்த நேரத்தில் 'குடலுக்கு நல்லது' என்ற பெயரோடு ஒரு பாக்கெட்டை வியாபாரி நீட்டினால் வாங்காமல் இருக்க மனசு வருமா? பாக்கெட்டின் மேல் புரோபயாட்டிக் அல்லது தாது உப்பு என்று இருக்கலாம். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதை அவரால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கொடுமை என்னவென்றால், வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால் வருவது. வளர்ச்சியை முடக்கும் ஈஹெச்பி ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து இவ்விரண்டையும் தொடாது. காசும் போய், இறாலும் தேறாமல், கடைசியில் தடை மருந்துப் பழியும் வந்து சேரும்.

குஞ்சு பொரிப்பகத்தின் மேல் பழியைப் போடுவது பரவலாக இருக்கிறது. அங்கே மருந்து புழங்குவதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சில மில்லிகிராம் எடையுள்ள குஞ்சு 20 கிராம் இறாலாகும்போது உடல் எடை ஆயிரக்கணக்கான மடங்கு பெருகுகிறது. குஞ்சுப் பருவத்தில் ஒட்டியது அத்தனை மடங்கு நீர்த்துப்போயிருக்கும். அறுவடை இறாலில் தெளிவான அளவில் ஏஓஇசட் தெரிந்தால், வளர்ப்புக் குட்டையில், பெரும்பாலும் தீவனத்தோடு போன ஏதோ ஒன்றின் வழியாக வந்தது என்று கருதுவதே கணக்குக்குப் பொருந்தும். தேட வேண்டிய இடம் தீவனச் சேர்க்கைப் பொருள்கள் விற்கும் கடை. இறாலைச் சோதிக்கும் ஆயிரம் சோதனைகளுக்கு அந்தக் கடையிலிருந்து எடுக்கும் நூறு பாக்கெட்டுகளின் சோதனை ஈடாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏற்றுமதிக்கான காவல் நம்மிடம் பலமாகவே இருக்கிறது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் தேசிய எச்சக் கண்காணிப்புத் திட்டத்தை நடத்துகிறது. அறுவடைக்கு முன்பே குட்டையிலிருந்து மாதிரி எடுத்து, எதிர்ப்பொருளையும் நிறமாற்றத்தையும் பயன்படுத்தும் எலிசா முறையில் சோதிக்கிறார்கள். எலிசாவில் நிறம் குறைந்தால் மருந்து கூடுதல். ஒரே நேரத்தில் பல மாதிரிகளைப் பார்க்கலாம், நிறமாலைமானியோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு. ஆனால் ஏஓஇசட்டுக்கான எலிசாவிலும் அமிலத்தில் விடுவித்து நைட்ரோபென்சால்டிகைடோடு சேர்க்கும் படி இருக்கிறது. அதைத் தாண்டி ஓடினால் பயனில்லை. எலிசா சந்தேகப்பட்டதை நிறமாலைமானி உறுதிசெய்த பிறகுதான் குற்றம் சாட்டலாம். இத்தனைக்கும் பிறகு, 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய வளர்ப்பு மீன், இறால் சரக்குகளில் எல்லையில் சோதிக்கும் பங்கைப் 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. அமெரிக்காவும் ஜப்பானும் தத்தம் வழியில் நெருக்குகின்றன.

ஆனால் அதே குட்டையிலிருந்து சின்ன கவுண்ட், உடைந்தது, கழித்தது என்று ஒதுக்கிய இறால் உள்ளூர்ச் சந்தைக்கு வருகிறது. சட்டம் இங்கேயும் நைட்ரோஃபுரானையும் குளோராம்பெனிகாலையும் தடை செய்கிறது. இருந்தும் நம் ஊர் மீன் அங்காடியில் கூடைக்கு வரும் வனாமிக்கு அறுவடைக்கு முந்தைய சான்று கேட்பவர் யாரும் இல்லை. வெளிநாட்டுத் தட்டுக்குப் போகும் இறாலுக்கு 16 மணி நேர அமிலமும், நம் தட்டுக்கு வரும் இறாலுக்குக் கையால் அழுத்திப் பார்ப்பதும் என்ற ஏற்பாட்டை இத்தனை ஆண்டுகள் சகித்துக்கொண்டிருப்பது எனக்குப் புரியவில்லை.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, 77 மாதிரிகளில் ஆன்டிபயாடிக் எச்சம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்ததை வெளியிட்டது. உள்நாட்டுச் சந்தையின் இறாலுக்கும் நன்னீர் மீனுக்கும் அதேபோல் ஒரு கணக்கெடுப்பு வேண்டும். அந்த அறிக்கையில் எத்தனை மாதிரிகள் தேறின என்பதோடு, புரதத்தில் ஒட்டிய துண்டை அமிலத்தால் விடுவித்துத் தேடினார்களா, ஓடு நீக்கிய உட்தசையை மட்டும் எடுத்தார்களா, செமிகார்பசைடு மட்டும் தனியாக வந்த மாதிரிகள் எத்தனை என்ற மூன்று விவரங்களையும் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.